முதல் லாம்ப்டா திட்டம்: எழுப்புவதற்கு முன் கலைக்கப் பழகுங்கள்

சர்வரை நாமே பராமரிக்காமல் நம் நிரலை மட்டும் ஓட்டும் சர்வர்லெஸ் முறையைக் கற்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கோடில், அதாவது நிரல் எழுதுவதில், மாட்டிக்கொள்வதில்லை. கணக்கு, கார்டு, பெர்மிஷன், ரீஜியன் இந்த நான்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் மாதக் கடைசியில் பில் எவ்வளவு வருமோ என்று பயந்து பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போகும் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி. முதலில் பில் எச்சரிக்கை. அடுத்து ஒன்றுமே செய்யாத ஒரு வெற்றுத் திட்டத்தை எழுப்பி, வேலை செய்கிறதா என்று பார்த்து, அதே அரை மணி நேரத்தில் முழுசாகக் கலைத்துவிடுவது. அதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய திட்டம். எழுப்பியதை ஒரே கட்டளையில் கலைக்க முடியும் என்று தன் கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

இதற்கு அமேசானின் க்ளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் இருக்கும் லாம்ப்டாவை எடுத்துக்கொள்கிறேன், மும்பை ரீஜியனில், அதாவது மும்பையில் இருக்கும் அவர்கள் டேட்டா சென்டர்களில், பைத்தானில், நிரலைக் கட்டி ஏற்றித் தரும் 'சாம்' என்ற கருவியை வைத்து. மற்ற நிறுவனங்களிலும் இதே மாதிரி சேவைகள் உண்டு, ஆனால் நான் தினமும் கைவைப்பது இதில்தான். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக அடியுங்கள்.

என்ன கட்டப்போகிறோம்?

சென்னையில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் காவலாளி அண்ணன் ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை லிட்டர் என்று எழுதுவார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஊரே லாரியை நம்பியிருந்த நாட்களில் ஆரம்பித்த பழக்கம் இது. மாதக் கடைசியில் பொருளாளர் அந்த நோட்டையும் லாரிக்காரர் பில்லையும் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்பார், எப்போதும் ஒன்றிரண்டு லோடு இடிக்கும். இதைப் போனில் பதிவு செய்யும்படி ஒரு சின்னச் சேவையாக ஆக்கலாம்: ஒரு பக்கம், அதில் லிட்டர் எண்ணைப் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் பதிவாகிவிட வேண்டும், மாதக் கணக்கு கேட்டால் பட்டியல் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மட்டும் பயன்படும் இந்த மாதிரிச் சேவைக்கு 24 மணி நேரமும் ஓடும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதற்கு அப்டேட் போட்டு, அது விழுந்தால் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பது அநியாயச் செலவு. வருடத்துக்கு ஒருமுறை வரும் விசேஷத்துக்காக அண்டா வாங்கிப் பரணில் வைக்கிறோமா, பாத்திரக் கடையில் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். சர்வர்லெஸ் என்றால் சர்வரே கிடையாது என்று அர்த்தமில்லை. சர்வர் இருக்கிறது, அதைப் பராமரிப்பது உங்கள் வேலை இல்லை, கோரிக்கை வரும்போது உங்கள் கோடு ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு. 2014 நவம்பரில் லாம்ப்டா அறிமுகமானபோது 100 மில்லி செகண்ட் அளவுகளில் கணக்கிட்டார்கள். 2020 டிசம்பரிலிருந்து 1 மில்லி செகண்ட் வரை துல்லியமாகக் கணக்கிடுகிறார்கள்.

மாதம் 10 லட்சம் கோரிக்கைகளும், 4 லட்சம் ஜிபி-செகண்ட் ஓட்ட நேரமும் இலவசம். ஜிபி-செகண்ட் என்றால் 1 ஜிபி நினைவகத்தோடு 1 செகண்ட் ஓடுவது. லாம்ப்டாவில் ஓடும் நம் கோடுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, அரை ஜிபி கொடுத்து, ஒவ்வொரு முறையும் 0.2 செகண்ட் ஓடினால் ஒரு கோரிக்கைக்கு 0.1 ஜிபி-செகண்ட், அதாவது ஓட்ட நேரக் கணக்கில் மட்டும் பார்த்தால் 40 லட்சம் கோரிக்கைகள் தாங்கும். கோடையில் தினம் மூன்று லோடு வந்தாலும் நாம் மாதம் ஆயிரம் கோரிக்கைகளைத் தொட மாட்டோம்.

கணக்கு திறந்ததும், கோடு எழுதும் முன்

கணக்கு திறக்க மின்னஞ்சல், போன், கார்டு வேண்டும். இந்தியாவில் திறக்கும் கணக்குக்கு பில் ரூபாயில் வரும், 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 2025 ஜூலை 15க்குப் பிறகு திறக்கும் கணக்குகளில் இலவசத் திட்டம், கட்டணத் திட்டம் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தொடக்கத்தில் 100 டாலர் கிரெடிட் கிடைக்கும், சில பயிற்சிகளைச் செய்தால் இன்னும் 100 டாலர் வரை சேரும். இலவசத் திட்டம் 6 மாதத்திலோ கிரெடிட் தீர்ந்தாலோ முடிந்துவிடும், கட்டணத் திட்டத்துக்கு மாறாவிட்டால் கணக்கே மூடப்படும். கற்றுக்கொள்ள இலவசத் திட்டம் போதும். ஆனால் குடியிருப்புக் கணக்கு மாதிரி நாள்பட இருக்க வேண்டிய ஒன்றை அதில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கணக்கு திறந்த மின்னஞ்சல்தான் 'ரூட்' பயனர். எல்லா அதிகாரமும் அதற்கு உண்டு. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை உடனே போட்டு, அதற்குப் பிறகு தினசரி வேலைக்கு அதைத் தொடாதீர்கள். பயனர்களையும் அவர்கள் உரிமைகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் உங்களுக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள். கற்கும் கட்டத்தில் அதற்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்தால்தான் ஒவ்வொரு படியிலும் பெர்மிஷன் பிழையில் நிற்க மாட்டீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வேலை செய்யும்போது அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது பில்லிங் பக்கத்தில் 'பட்ஜெட்ஸ்'. அங்கே 'ஜீரோ ஸ்பெண்ட்' என்று ஒரு தயார் மாதிரி இருக்கும், செலவு 0.01 டாலரைத் தாண்டியதும் மின்னஞ்சல் அனுப்பும். அதைப் போடுங்கள். கூடவே மாதம் 5 டாலர் என்று இன்னொரு பட்ஜெட்டும் போடுங்கள். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: பட்ஜெட் உங்களுக்குச் சொல்லும், செலவை நிறுத்தாது. பில் தகவலும் நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படுவதில்லை, சில மணி நேரம் பிந்தித்தான் வரும். எனவே எச்சரிக்கை வந்த அன்றே என்ன ஓடுகிறது என்று பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அப்புறம் ரீஜியன். திரையின் மேல் வலது மூலையில் இருக்கும் ஊர்ப் பெயர்தான் அது. மும்பை 2016லிருந்து இருக்கிறது, ஹைதராபாத் 2022 நவம்பரில் வந்தது. இரண்டில் எதுவும் சரி, நான் மும்பையைச் சொல்கிறேன். ஒரு ரீஜியனில் கட்டிய டேபிளும் ஃபங்ஷனும் இன்னொரு ரீஜியனின் திரையில் தெரியாது. 'நேற்று செய்தது எல்லாம் காணாமல் போய்விட்டது' என்று புதியவர்கள் பதறும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த வலது மூலையைத்தான், பெரும்பாலும் அது வர்ஜீனியாவுக்கு மாறியிருக்கும்.

கருவிகள்

மூன்று வேண்டும்: பைத்தான், ஏடபிள்யூஎஸ் கட்டளைக் கருவியின் 2ஆம் பதிப்பு, சாம் கட்டளைக் கருவி. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதற்கும் நிறுவல் கோப்பு அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் இருந்தால் உங்கள் கணினியிலேயே ஃபங்ஷனை ஓட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் உருவாக்கிய பயனருக்கு ஒரு அணுகல் சாவி எடுத்து, 'ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர்' கட்டளையில் கொடுங்கள். ரீஜியன் கேட்கும் இடத்தில் மும்பையின் குறியீட்டைக் கொடுங்கள், அதாவது ஏபி, சவுத், 1 மூன்றையும் ஹைஃபனால் இணைத்து. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க 'ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ்' என்று அடித்து, அதோடு 'கெட்', 'காலர்', 'ஐடென்டிட்டி' மூன்றையும் ஹைஃபனால் சேர்த்து ஓட்டுங்கள். உங்கள் கணக்கு எண்ணும் பயனர் பெயரும் வரும். அங்கே ரூட் என்று வந்தால் நிறுத்துங்கள், தவறான சாவியை எடுத்திருக்கிறீர்கள், அதை அழித்துவிட்டு உங்கள் பயனருக்கு எடுங்கள்.

இந்தச் சாவியைக் கோடுக்குள் எழுதவே கூடாது. கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் ஏறிவிட்ட சாவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. அவை கண்டுபிடிக்க நாட்கள் ஆகாது, நிமிடங்கள் போதும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் இரவு சாவியோடு தன் நிரலை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனார், காலையில் எழுந்தபோது அவர் பெயரே கேள்விப்படாத ரீஜியன்களில் பெரிய பெரிய சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வீட்டில் அன்று இருந்த கலக்கத்தை நேரில் பார்த்ததால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உண்மையில் லாம்ப்டாவுக்குள் சாவிக்குத் தேவையே இல்லை. ஃபங்ஷனுக்கு ஒரு 'ரோல்' கொடுக்கப்படும், அது வழியாகவே டேபிளைத் தொடும் உரிமை கிடைக்கும்.

எழுப்பு, பார், கலை

ஒரு காலி ஃபோல்டரில் 'சாம் இனிட்' என்று அடியுங்கள். தயார் மாதிரிகளில் 'ஹலோ வேர்ல்டு' தேர்ந்தெடுங்கள், பைத்தானும் ஜிப்பும் போதுமா என்று கேட்டால் ஆம். ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் இருக்கும் டெம்ப்ளேட் கோப்பைத் திறந்து பாருங்கள், கோடைவிட அதுதான் முக்கியம். என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அது: ஒரு ஃபங்ஷன், அதற்கு ஒரு முகவரி, இவ்வளவு நினைவகம். நீங்கள் திரையில் போய் ஒவ்வொன்றாகச் சொடுக்கி உருவாக்க வேண்டியதில்லை, இந்தப் பட்டியலை க்ளவுட்ஃபார்மேஷன் என்ற சேவை படித்து எல்லாவற்றையும் ஒரே கட்டாக உருவாக்கும். அந்தக் கட்டுக்கு 'ஸ்டாக்' என்று பெயர். கட்டாக உருவானதால்தான் கட்டாகக் கலைக்க முடிகிறது. திரையில் சொடுக்கி உருவாக்கினால் எதை எங்கே வைத்தோம் என்று ஒரு மாதத்தில் மறந்துவிடும், அழிக்காமல் விட்ட ஏதோ ஒன்று பில்லில் வந்துகொண்டே இருக்கும்.

பிறகு 'சாம் பில்ட்', நிரலை ஏற்றத் தயார் செய்யும் கட்டளை. இங்கே நிறையப் பேருக்கு முதல் பிழை வரும். டெம்ப்ளேட்டில் எழுதியிருக்கும் பைத்தான் பதிப்பும் உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பும் வேறாக இருந்தால், பைத்தான் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு நீளமான செய்தி வரும். டெம்ப்ளேட்டில் பதிப்பு எண்ணை உங்களுடையதற்கு மாற்றுங்கள், அது லாம்ப்டா ஏற்கும் பதிப்பாக இருக்க வேண்டும். டாக்கர் இருந்தால் கன்டெய்னரில் கட்டச் சொல்லும் வழியும் உண்டு.

அடுத்து, அதை ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றும் 'சாம் டிப்ளாய்', கூடவே இரண்டு ஹைஃபன் போட்டு 'கைடட்'. வரிசையாகக் கேள்விகள் கேட்கும். ஸ்டாக்குக்கு ஒரு பெயர், ரீஜியன், மாற்றங்களை முன்கூட்டிக் காட்டட்டுமா, ரோல் உருவாக்க அனுமதி உண்டா. எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒரு இடத்தில் விழுவார்கள்: 'இந்த ஃபங்ஷனுக்கு அங்கீகாரம் எதுவும் வைக்கவில்லை, பரவாயில்லையா?' என்று ஒரு கேள்வி வரும், அதில் வெறும் என்டருக்கு அர்த்தம் 'இல்லை', உடனே டிப்ளாய் நின்றுவிடும். நல்ல கேள்விதான் அது, யோசித்துப் பதில் சொல்லட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வெற்றுத் திட்டத்துக்கு 'ஒய்' கொடுங்கள். கடைசியில் உங்கள் பதில்களை ஒரு கோப்பில் சேமிக்கட்டுமா என்று கேட்கும், சரி சொன்னால் அடுத்த முறை வெறும் 'சாம் டிப்ளாய்' போதும்.

ஓரிரு நிமிடத்தில் முகவரி ஒன்று வரும். அதை முழுசாக நகலெடுத்து உலாவியில் போட்டால் ஹலோ வேர்ல்டு தெரியும். முகவரியின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு நகலெடுத்தால் 'மிஸ்ஸிங் ஆத்தென்டிகேஷன் டோக்கன்' என்று வரும். பார்த்ததும் ஏதோ பாஸ்வேர்டு பிரச்சினை என்று நினைத்துப் பெர்மிஷன் பக்கமெல்லாம் போய்த் தேடாதீர்கள், பெரும்பாலும் பாதை தவறு, அவ்வளவுதான்.

முதல் டிப்ளாயே தோற்றுவிட்டால் ஸ்டாக் 'ரோல்பேக் கம்ப்ளீட்' என்ற நிலையில் நின்றுவிடும். அதன் மேல் மீண்டும் டிப்ளாய் செய்ய முடியாது, கலைத்துவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

வேலை செய்ததா? இப்போது 'சாம் டிலீட்'. இரண்டு முறை உறுதி கேட்கும், கொடுங்கள். முகவரியை மறுபடி திறந்து பாருங்கள், ஒன்றும் வராது. திரும்ப 'சாம் டிப்ளாய்', திரும்ப எழும், ஆனால் முகவரி புதிதாக இருக்கும். இந்தச் சுற்றை இரண்டு முறை செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள்.

நம் திட்டம்: டெம்ப்ளேட்

ஹலோ வேர்ல்டு டெம்ப்ளேட்டில் மூன்று விஷயங்களை மாற்றப்போகிறோம். கோப்பில் உள்தள்ளலுக்கு இடைவெளி மட்டும், டேப் போட்டால் பிழை வரும்.

ஒன்று, முகவரி. மாதிரியில் இருப்பது பழைய ரெஸ்ட் வகை. அதை 'ஹெச்டிடிபி ஏபிஐ' வகைக்கு மாற்றுங்கள், விலை குறைவு, அமைப்பும் எளிது. மூன்று பாதைகள்: முகப்பு, பதிவு, மாதக் கணக்கு. முகப்புக்கு அந்த ஃபங்ஷனே ஒரு சின்ன ஹெச்டிஎம்எல் படிவத்தைத் திருப்பி அனுப்பட்டும். பக்கத்தைத் தனியாக வேறு இடத்தில் வைத்தால் வேறு தளத்துக்குப் போகும் கோரிக்கைக்கு உலாவி போடும் 'கார்ஸ்' என்ற தடையோடு ஒரு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், ஒரே முகவரியில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

இரண்டு, டேபிள். பதிவுகளை ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளமான டைனமோடிபியில் வைப்போம். டைனமோடிபி டேபிளில் முதலில் யோசிக்க வேண்டியது என்ன சேமிக்கப்போகிறோம் என்பதைவிட என்ன கேட்கப்போகிறோம் என்பது. பொருளாளர் கேட்பது எப்போதும் மாதக் கணக்கு. அதனால் பதிவுகளைக் குழுவாகப் பிரிக்கும் பிரிவுச் சாவியாக (பார்ட்டிஷன் கீ) மாதம், உதாரணமாக 2025-06. குழுவுக்குள் வரிசைப்படுத்தும் வரிசைச் சாவியாக (சார்ட் கீ) தேதியும் நேரமும். இப்படி வைத்தால் ஒரு மாதத்தின் எல்லா லோடும் நேர வரிசையில் ஒரே கேள்வியில் வந்துவிடும். எதையும் யோசிக்காமல் ஒரு ஐடி மட்டும் சாவியாக வைத்தால் ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் அலச வேண்டிவரும், அதற்கும் காசு. கட்டண முறையை 'பே பர் ரிக்வெஸ்ட்' என்று வையுங்கள். டேபிளுக்கு நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள், க்ளவுட்ஃபார்மேஷனே வைக்கட்டும், அந்தப் பெயரைச் சூழல் மாறியாக (என்விரான்மென்ட் வேரியபிள்) ஃபங்ஷனுக்குக் கொடுங்கள்.

மூன்று, உரிமை. ஃபங்ஷன் அந்த டேபிளை மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுக்க சாமில் 'டைனமோடிபி க்ரட் பாலிசி' என்று ஒரு தயார் வார்ப்பு இருக்கிறது. ஒரு வரி சேர்த்து டேபிளைக் காட்டினால் முடிந்தது. இதை மறந்தால் 'ஆக்சஸ் டினைட்' வரும். கோபத்தில் எல்லா டேபிளுக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடாதீர்கள், தேவையானதை மட்டும்.

கோடில் எல்லோரும் விழும் குழிகள்

கோடு மொத்தம் அறுபது வரிகூட வராது. பாதையைப் பார்த்து மூன்றில் ஒன்றைச் செய்யும், டேபிளில் எழுதும் அல்லது படிக்கும், ஸ்டேட்டஸ் எண்ணும் உடலும் கொண்ட பதிலைத் திருப்பும். ஆனால் அந்த அறுபது வரிக்குள் நான்கு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது நேரம். லாம்ப்டாவுக்குள் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். லாரிகள் பல நாள் விடியற்காலை 4 மணிக்குத்தான் வரும். ஜூலை 1 விடியற்காலை 4 மணிக்கு வந்த லோடு, யூடிசியில் ஜூன் 30 இரவு பத்தரை. மாதத்தை அப்படியே எடுத்தால் அந்த லோடு ஜூன் கணக்கில் போய் விழும், நோட்டில் இடித்த அதே லோடு இப்போது கணினியிலும் இடிக்கும். இந்தியாவில் கடிகாரத்தை முன்பின் தள்ளும் வழக்கம் இல்லை என்பதால் பைத்தானில் நேர மண்டலத்தை 5 மணி 30 நிமிடம் என்று நிலையாக வரையறுத்து, அதில் இன்றைய தேதியை எடுத்தால் போதும்.

இரண்டாவது எண். டைனமோடிபிக்கு எழுதும் பைத்தான் நூலகம் தசமப் புள்ளி எண்களை 'ஃப்ளோட்' ஆக ஏற்காது, 'டெசிமல்' வேண்டும் என்று பிழை கொடுக்கும். சரி என்று மாற்றினால், படித்துத் திருப்பி அனுப்பும்போது, தரவை உரையாக மாற்றும் ஜேசன் நூலகத்துக்கு டெசிமல் தெரியாது, அங்கே இன்னொரு பிழை. முழு எண்ணாகச் சேமித்தாலும் திரும்பி வருவது டெசிமலாகத்தான் வரும். ஆகவே லிட்டரையும் ரூபாயையும் முழு எண்ணாக எழுதுங்கள், படித்ததும் முதல் வேலையாக 'இன்ட்' ஆக்கிவிடுங்கள்.

மூன்றாவது தமிழ். பைத்தானின் ஜேசன் நூலகம் வழக்கத்தில் தமிழ் எழுத்துகளைச் சாய்கோடும் எண்களுமாக மாற்றி அனுப்பும். உலாவி அதைத் திரும்பப் படித்துவிடும் என்றாலும் லாக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடியதன் பதிவில், பார்க்கும்போது ஒன்றும் புரியாது, அளவும் பெருத்துவிடும். 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற தேர்வைப் பொய் என்று வைத்துவிட்டால் 'மேட்டுத் தொட்டி' மேட்டுத் தொட்டியாகவே இருக்கும். ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் திருப்பும்போது உள்ளடக்க வகையோடு யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில போன்களில் தமிழ் உடைந்து தெரியும்.

நான்காவது, சத்தமில்லாமல் நடப்பது. ஒரே மாதம், ஒரே நேரம் என்று இரண்டு பதிவு வந்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு உட்காரும், பிழை எதுவும் வராது. இரண்டு வாசலில் இரண்டு பேர் ஒரே நொடியில் தட்டுவது அபூர்வம், ஆனால் கணக்கு விஷயத்தில் அபூர்வத்தையும் விடக்கூடாது. நேரத்தின் பின்னால் நான்கு எழுத்துத் தற்செயல் குறியை ஒட்டிவிடுங்கள்.

டேபிள் இணைப்பை உருவாக்கும் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே, கோப்பின் மேலே வையுங்கள். லாம்ப்டா ஒரு முறை எழுப்பிய சூழலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்தும், மேலே இருப்பது ஒரு முறைதான் ஓடும். நெடுநேரம் யாரும் தொடாமல் இருந்து முதல் கோரிக்கை வரும்போது கொஞ்சம் தாமதம் இருக்கும், அதுதான் 'கோல்டு ஸ்டார்ட்'. லாரி ஓட்டுநரோடு பேசிக்கொண்டே பட்டனைத் தட்டும் அண்ணனுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

நினைவகமும் கால வரம்பும்: ஹலோ வேர்ல்டில் 128 எம்பி, 3 செகண்ட் என்று இருக்கும். 512 எம்பி, 10 செகண்ட் ஆக்குங்கள். லாம்ப்டாவில் நினைவகத்தோடுதான் செயலி வேகமும் சேர்ந்து வரும், 1,769 எம்பியில்தான் ஒரு முழு விசிபியு (மெய்நிகர் செயலி) கிடைக்கும். எனவே 128இல் இழுத்து இழுத்து ஓடுவதைவிட 512இல் சட்டென்று முடிவது பல நேரம் செலவிலும் பெரிய வித்தியாசம் தராது.

உலாவியில் 'இன்டர்னல் சர்வர் எரர்' என்று மட்டும் வந்தால் அதையே முறைத்துப் பார்க்காதீர்கள், அதில் தகவல் எதுவும் இல்லை. 'சாம் லாக்ஸ்' கட்டளையோடு ஸ்டாக் பெயரும், இரண்டு ஹைஃபன் போட்டு 'டெய்ல்' என்பதும் கொடுத்து ஒரு டெர்மினலை ஓட விடுங்கள், பக்கத்தை மறுபடி தட்டுங்கள். எந்த வரியில் எந்தப் பிழை என்று அங்கே வரும். ஃபங்ஷனின் லாக்குகள் யாரும் காலம் வரையறுக்காவிட்டால் என்றென்றைக்கும் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே டெம்ப்ளேட்டிலேயே லாக் குரூப்பையும் எழுதி 14 நாள் என்று வைத்துவிடுங்கள்.

கதவைச் சாத்துவது

இந்த முகவரி இணையத்தில் யாருக்கும் திறக்கும். குடியிருப்பில் யாரோ விளையாட்டாகப் பத்து லோடு பதிவு செய்தால் கணக்கு கெட்டுவிடும். முறையாகச் செய்வதென்றால் 'காக்னிட்டோ' மாதிரி ஒரு உள்நுழைவுச் சேவையை இணைக்கலாம். இவ்வளவு சின்ன வேலைக்குப் படிவத்தில் ஒரு ரகசியச் சொல், அதை ஃபங்ஷன் சரிபார்ப்பது என்று ஆரம்பிப்பதில் தவறில்லை, நான்கு இலக்க எண்ணாக மட்டும் வைக்காமல் கொஞ்சம் நீளமாக வையுங்கள். அந்தச் சொல்லைக் கோடிலோ டெம்ப்ளேட்டிலோ எழுதாமல் 'பேராமீட்டர் ஸ்டோர்' என்ற இடத்தில் மறையீட்டோடு வைத்து, ஃபங்ஷன் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். சாதாரண வகைப் பேராமீட்டருக்குக் கட்டணம் இல்லை. அதைப் படிக்கும் உரிமைக்கும் சாமில் தயார் வார்ப்பு உண்டு.

கூடவே முகவரிக்கு வேக வரம்பு போடுங்கள்: செகண்டுக்கு 5 கோரிக்கை, திடீர்ப் பாய்ச்சலுக்கு 10. டெம்ப்ளேட்டில் மூன்று வரி. யாராவது வேண்டுமென்றே தட்டிக்கொண்டே இருந்தாலும் அதற்கு மேல் ஃபங்ஷனுக்குப் போகாது. புதியவர்களுக்கு ரகசியச் சொல்லைவிட இந்த மூன்று வரிகளைத்தான் நான் முதலில் போடச் சொல்வேன், ஏனென்றால் பில்லை நேரடியாகக் காப்பது இதுதான்.

தூரத்திலிருந்தே ஒதுங்க வேண்டிய இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாதிரியைப் பார்த்து ஃபங்ஷனைத் தனி வலையமைப்புக்குள், அதாவது விபிசிக்குள் போடாதீர்கள். அங்கிருந்து அது வெளி இணையத்தைத் தொட 'நாட் கேட்வே' வேண்டும், அது யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் காசு வாங்கும், மாதம் 30 டாலருக்கு மேல் போய்விடும். இன்னொன்று, ஒரு எஸ்3 பக்கெட்டில், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பில், கோப்பு விழுந்ததும் ஓடும் ஃபங்ஷன், அதே பக்கெட்டில் திரும்ப எழுதுவது. தன்னைத் தானே அழைத்துக்கொண்டு சுற்றும். எழுத வேறு பக்கெட் வையுங்கள்.

ஒரே அழைப்பில் 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட வேண்டிய வேலைக்கு லாம்ப்டா ஆகாது, ஒரு அழைப்புக்கு அதுதான் உச்ச வரம்பு. நாள் முழுக்க ஓயாமல் கோரிக்கை வரும் பெரிய சேவைக்குச் சாதாரண சர்வரே மலிவாக இருக்கலாம். நம்முடையது இரண்டும் இல்லை.

உண்மையான தரவு வந்த பிறகு

இதுவரை கலைப்பது எளிது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் லோடு பதிவான நாளிலிருந்து டேபிள் விஷயத்தில் மட்டும் அது மாற வேண்டும். டெம்ப்ளேட்டில் டேபிளுக்கு 'டிலீஷன் பாலிசி' என்பதை 'ரீட்டெய்ன்' என்று வையுங்கள், அப்போது ஸ்டாக்கைக் கலைத்தாலும் டேபிள் நிற்கும். 'பாயின்ட் இன் டைம் ரெகவரி'யையும் போட்டுவிட்டால் கடந்த 35 நாட்களுக்குள் எந்த நொடிக்கும் டேபிளை மீட்கலாம், இதற்குச் சிறு கட்டணம் உண்டு, நம் அளவுக்குப் பைசாக் கணக்குதான். ஸ்டாக்கைக் கலைத்து, டேபிள் மட்டும் நிற்கும்போது திரும்ப டிப்ளாய் செய்தால் புதிதாக ஒரு காலி டேபிள் உருவாகும், பழையது தனியாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சோதனைக்கு அதே டெம்ப்ளேட்டை வேறு ஸ்டாக் பெயரில் இன்னொரு முறை எழுப்பிக்கொள்ளுங்கள். டேபிளுக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று முன்பு சொன்னது இங்கே உதவும், இரண்டும் மோதாது. புதிய மாற்றத்தை அங்கே பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் உண்மையான ஸ்டாக்குக்கு. சோதனை முடிந்ததும் 'சாம் டிலீட்', ஆனால் ரீட்டெய்ன் வைத்ததால் சோதனை டேபிளைக் கையால் அழிக்க வேண்டியிருக்கும். சாம் தன் வேலைக்காக உருவாக்கிக்கொண்ட எஸ்3 பக்கெட்டும் அப்படியே இருக்கும், நீங்கள் இந்தக் கணக்கில் சாமைப் பயன்படுத்தும் வரை அதைத் தொட வேண்டாம்.

கோடும் டெம்ப்ளேட்டும், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' கருவியில் இருக்கட்டும், அதன் நகல் உங்கள் கணினிக்கு வெளியேயும் இருக்கட்டும். கணினி கெட்டுப்போனால் இன்னொரு கணினியில் எடுத்து, 'சாம் பில்ட்', 'சாம் டிப்ளாய்', அதே ஸ்டாக் பெயர். சேவையின் முகவரியும் மாறாது.

கடைசி வேலை, முகவரியை அண்ணனின் போனில் திறந்து, உலாவியின் மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள், ஒரு ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குடியிருப்பில் முதல் மாதம் நோட்டையும் நிறுத்தவில்லை, இரண்டிலும் பதிவு செய்யச் சொன்னோம். மாதக் கடைசியில் பொருளாளர் நோட்டை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தார், ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம், நோட்டில் 12,000 என்று இருந்தது, போனில் 1,200. அன்று மாலையே படிவத்தில் லிட்டரைத் தட்டச்சு செய்யும் பெட்டியை எடுத்துவிட்டு, வழக்கமாக வரும் லாரி அளவுகளை மூன்று பெரிய பட்டன்களாக வைத்து டிப்ளாய் செய்தேன்.